காணாமல்போனோருக்குத் தீர்க்க வேண்டிய கடன்

1944 ஜனவரி 25-ஆம் தேதி, சீனாவின் குன்மிங் நகரிலிருந்து அஸ்ஸாமில் உள்ள சாபுவா விமானதளத்தை நோக்கி அமெரிக்க விமானப் படையின் கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்று புறப்பட்டது. பி-24 'லிபரேட்டர்' வகையைச் சேர்ந்த அந்த நான்கு என்ஜின் விமானத்துக்கு 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று பெயர். அதில் எட்டுப் பேர் இருந்தனர். விமானம் சாபுவாவை வந்தடையவில்லை. எட்டுப் பேரும் 'காணாமல்போனோர்' பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

62 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006-இல் அதன் சிதைவுகள் அருணாசல பிரதேசத்தின் மேல் சியாங் மாவட்டத்தில், தம்ரோ கிராமத்தை அடுத்த மலைப் பகுதியில் அடையாளம் காணப்பட்டன. அங்கிருந்து மீட்கப்பட்ட எச்சங்கள் தாயகம் திரும்ப மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. முதல் 62 ஆண்டு தாமதத்துக்கு மலையும் வானிலையும் காரணம் எனலாம். அடுத்த பத்தாண்டு தாமதத்துக்கு இயற்கையை மட்டும் குறை கூற முடியாது.

விமானம் பறந்த வழியை நினைவுகூர்ந்தால்தான் இழப்பின் அளவு புரியும். 1942-இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியதும், சீனாவுக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. எரிபொருள், ஆயுதம், உதிரிபாகம் அனைத்தையும் அஸ்ஸாமிலிருந்து கிழக்கு இமயத்தின் மீது பறந்தே கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. அந்த வழியை விமானிகள் 'ஹம்ப்', அதாவது 'திமில்' என்று அழைத்தனர். போர் முடிவதற்குள் சுமார் 6.5 லட்சம் டன் சரக்கு அவ்வழியே சென்றது. அதற்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 600 விமானங்கள். எதிரியின் தாக்குதலைவிட மேகமூட்டமும் பனியும் சூறைக்காற்றும் பறித்த உயிர்களே அதிகம்.

'ஹாட் ஆஸ் ஹெல்' சரக்கு விமானமன்று. சீனாவில் நிலைகொண்டிருந்த 308-ஆவது குண்டுவீச்சுப் பிரிவுக்கு உரியது. ஆனால், தான் வீசவேண்டிய குண்டுகளையும் தனக்கான எரிபொருளையும் அந்தப் பிரிவே இந்தியாவிலிருந்து சுமந்துவர வேண்டியிருந்தது. ஒரு தாக்குதலுக்குப் புறப்படும் முன் திமிலைப் பலமுறை கடந்தாக வேண்டும். குண்டு வீசுவதற்காகப் பயிற்சி பெற்றவர்கள் சுமை ஏற்றிவரும் வழியில் மடிந்தார்கள். வீரக்கதைகளில் இடம்பெறாத இத்தகைய மரணங்களே எந்தப் போரிலும் எளிதில் மறக்கப்படுகின்றன.

சிதைவுகளை உலகுக்கு அறிவித்தவர் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கத் தனிநபர். அவருக்கு வழிகாட்டியவர்கள் அந்த மலைகளில் வாழும் மக்கள். அரசுகளின் ஆவணங்களில் 'காணாமல்போன' பல விமானங்கள் இருக்குமிடம் உள்ளூர் வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வரவில்லை.

சிதைவு கண்டறியப்பட்ட பிறகும் பணி வேகம் பெறவில்லை. அருணாசல பிரதேசத்துக்குச் சீனா உரிமை கோருகிறது. அங்கே அமெரிக்க ராணுவத்தினர் வந்து அகழ்வது பெய்ஜிங்கின் எரிச்சலைத் தூண்டும் என்ற தயக்கமே தேடல் தடைபட்டதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்பட்டது. 2012 ஜூன் மாதம் தில்லி வந்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா, தேடலை மீண்டும் தொடங்க இந்தியா இசைந்துள்ளதாக அறிவித்தார். 2015-இன் பிற்பகுதியில் அமெரிக்கக் குழு அந்த மலையில் அகழ்வுப் பணி மேற்கொண்டது. 2016 ஏப்ரலில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஆஷ்டன் கார்ட்டரின் இந்தியப் பயணத்தின்போது, எச்சங்கள் தில்லியில் ராணுவ மரியாதையுடன் ஒப்படைக்கப்பட்டன. அதே பயணத்தில்தான் இரு நாடுகளும் ராணுவத் தளவாட ஒப்பந்தத்துக்குக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டன.

இந்த இரண்டு நிகழ்வுகளும் ஒரே வாரத்தில் நடந்தது கவனிக்கத்தக்கது. இரு நாடுகளும் நெருங்கும்போது மலைப்பாதை திறக்கிறது; எல்லை குறித்த கவலை மேலோங்கும்போது அது மூடிக்கொள்கிறது. இறந்தோரின் எலும்புகள் ராஜதந்திரத்தின் நாணயமாக மாறுவது புதிதல்ல. ஆனால், அமில மண்ணும் பெருமழையும் நிலச்சரிவும் நிறைந்த கிழக்கு இமயத்தில் ஒவ்வொரு ஆண்டு தாமதமும் சான்றுகளை அழிக்கிறது. மரபணு ஒப்பீட்டுக்கு உதவக்கூடிய உடன்பிறந்தாரும் உறவினரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பேச்சுவார்த்தை காத்திருக்கலாம், இந்தப் பணி காத்திருக்க இயலாது.

காத்திருப்பின் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு அக்குழுவைச் சேர்ந்த லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு சான்று. அவரது எச்சம் அடையாளம் காணப்பட்டு, 2017-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கான்கார்டு என்ற சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. மகனுக்காகக் காத்திருந்த பெற்றோர் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டனர். மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறையின் நினைவுச் சுவரில் காணாமல்போனோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் ஒருவர் மீட்கப்பட்டால் அவர் பெயரருகே ஒரு சிறு ரோஜா முத்திரை பதிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் காணாமல்போன அமெரிக்கர்களில் 70,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் இன்னும் அந்த முத்திரைக்காகக் காத்திருக்கின்றன.

இதை அமெரிக்காவின் பெருந்தன்மை என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வது சரியன்று. உயிரோடு இருக்கும் வீரர்களின் மனஉறுதியைக் காப்பதும், உலக அரங்கில் தன் செல்வாக்கைக் காட்டுவதும் அந்நாட்டின் கணக்கில் உண்டு. போரால் மாண்ட பிற நாட்டுப் பொதுமக்களைப் பற்றி அதே அக்கறை காட்டப்பட்டதா என்ற கேள்வியும் நியாயமானதே. எனினும், இறந்தோரைத் தேடுவதற்கென்றே ஒரு நிரந்தர முகமையும், ஆய்வகமும், ஆண்டுதோறும் நிதியும் ஒதுக்கும் அந்த ஏற்பாட்டிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு.

ஏனெனில் நமக்கும் இதே துயரம் உண்டு. 1968 பிப்ரவரி 7-ஆம் தேதி 102 பேருடன் சண்டீகரிலிருந்து லே சென்ற இந்திய விமானப் படையின் ஏ.என்-12 விமானம் ரோதாங் கணவாய்ப் பகுதியில் மறைந்தது. 2003-இல் மலையேறும் குழுவினர் அதன் சிதைவைக் கண்டனர். 2024-இல், 56 ஆண்டுகள் கழித்து, மேலும் நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. 1962 போரில் மடிந்த வீரர் ஒருவரின் உடல் 2010-இல் அருணாசலத்தின் வாலாங் அருகே கிடைத்தது, சாலைப் பணியின்போது தற்செயலாக. 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என்-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தபோது தமிழகமே பதறியது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் இருப்பதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

தொழில்நுட்பமும் துணிவும் நம்மிடம் உள்ளன என்பதையே இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. இல்லாதது தொடர்ச்சி. ஒரு முறை மலையேறும் குழு, மறுமுறை சாலைப் பணியாளர், இன்னொரு முறை கடலாய்வுக் கலம் என்று நம் மீட்புகள் பெரும்பாலும் வாய்ப்பையும் தனித்தனி முயற்சிகளையும் நம்பியே நடந்துள்ளன. பணியின்போது காணாமல்போனோரின் பட்டியலைப் பராமரித்து, குடும்பங்களின் மரபணு மாதிரிகளைச் சேகரித்து, ஆண்டுதோறும் தேடல் நிலவரத்தை உறவினருக்குத் தெரிவிக்கும் தனித்த அமைப்பு நமக்குத் தேவை. காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2021 முதல் அமெரிக்க முகமையுடன் இணைந்து செயல்படுகிறது. வெளிநாட்டு வீரர்களுக்காக வளர்க்கப்படும் அந்தத் திறன் நம் வீரர்களுக்கும் பயன்பட வேண்டும்.

அதேபோல், அருணாசல மலைகளில் தேடலுக்கான அனுமதி ஒவ்வொரு முறையும் உயர்மட்டப் பயணங்களின் பரிசாக அளிக்கப்படக் கூடாது. இது மனிதாபிமானப் பணி என வரையறுத்து, இந்தியத் தலைமையில், உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் நிலையான நடைமுறையாக்கலாம். நம் மண்ணில் நாம் நடத்தும் பணிக்கு அயலாரின் முகக்குறிப்பைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. 2023 நவம்பரில் பாசிகாட்டில் 'ஹம்ப்' விமானிகளுக்காக அருங்காட்சியகம் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும், உலோகத் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதுடன் பணி நிறைவடைவதில்லை.

போருக்கும் பணிக்கும் அனுப்புகின்ற அரசு, திரும்பி வராதவர் எங்கே என்று கேட்கும் குடும்பத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. விடை கிடைக்காத இடத்திலும், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று உண்மையாகச் சொல்ல முடிய வேண்டும்.