சில்கூட் மலைவழி

பொருள் தேடிச் செல்வோர் ஒரு திறத்தார். புதுமை காணச் செல்வோர் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தாரும் வெவ்வேறு காலங்களில் நடந்த வழியொன்று வட அமெரிக்காவில் உண்டு. அலாஸ்காவிலுள்ள ஸ்காக்வே என்னும் சிற்றூரின் அருகே தொடங்கிக் கனடாவினுட் செல்லும் சில்கூட் மலைவழியே அது. அதன் நீளம் 33 மைல்.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடாவின் குளோண்டைக் ஆற்றையடுத்த ஓடையொன்றில் பொன் காணப்பட்டது. மறு ஆண்டு அச்செய்தி பரவவே, ஏறத்தாழ ஓர் இலக்கம் மக்கள் வீடு துறந்து புறப்பட்டனர். ஓராண்டிற்கு வேண்டிய உணவு கொண்டுவாராதாரைக் கனடாவின் காவலர் எல்லையில் தடுத்தனர். உணவும் கருவிகளுமாக ஒருவனது சுமை ஏறக்குறைய 2,000 இராத்தல் ஆயிற்று. முறைக்கு ஐம்பது இராத்தல் சுமப்பவன் அம்மலையில் நாற்பது முறை ஏறுதல் வேண்டும்! கணவாயின் செங்குத்தான பனிச்சரிவில் வெட்டிய படிகளுக்குப் 'பொற்படிகள்' என்று பெயரிட்டனர். 1898 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், பனிப்பாறை சரிந்து அறுபதின்மருக்கு மேற்பட்டோரைப் புதைத்தது.

இத்துணைத் துன்பமும் கடந்து, ஆற்றில் படகு செலுத்தி டாசன் நகரை அடைந்தோர் கண்டது யாது? பொன் விளையும் நிலமெல்லாம் முன்னரே பிறர் கைப்பட்டிருந்தது. 1899 ஆம் ஆண்டு வேறோரிடத்தில் பொன் உண்டெனக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் அங்கு ஓடினர். மலைவழியின் வாயிலாய் விளங்கிய டையீ என்னும் ஊர் காடாயிற்று.

இக்காலத்தில் அவ்வழியே நடப்போர் பொன்னை நாடுபவர் அல்லர். தோளில் கூடாரமும் உணவும் தாங்கி, மூன்று முதல் ஐந்து நாள் நடந்து, மலையழகைக் கண்டு மகிழ்வதே அவர் நோக்கம். 'பலர் மாண்ட இடத்தில் பிறர் இன்பப் பயணம் செய்தல் தகுமோ?' என்று சிலர் வினவுவர். தகும், ஆயின் அவ்விடத்தின் வரலாற்றை அறிந்து செல்லுதல் வேண்டும். அறியாது செல்பவனுக்கு அது வெறும் மலை. அறிந்து செல்பவனுக்கோ ஒவ்வொரு கல்லும் ஓர் ஆசிரியன். பொன் தேடியோர்க்கு நெடுங்காலம் முன்னரே திலிங்கிட் என்னும் பழங்குடியினர் வாணிகத்தின் பொருட்டு நடந்த வழி அது என்பதையும் அவன் மறவான்.

வழியோரத்தில் துருவேறிய மண்வெட்டியும், கிழிந்த தோற்காலணியும், தகரக் குவளையும் இன்றும் கிடக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்லுதல் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லையாயினும் அது தகாத செயலே. ஒருவன் தன் வலிமையெல்லாம் இழந்து, இனிச் சுமக்க இயலாதென்று கைவிட்ட பொருளை, மற்றொருவன் விளையாட்டாகப் பையில் இட்டுக்கொள்ளுதல் முறையாகுமோ? இன்று வருவோன் ஒன்றை எடுத்துச் சென்றால், நாளை வருவோன் கற்பதற்கு ஒன்று குறைகின்றது.

அன்று சென்றோரின் கண் சுமையின்மீதே இருந்தது. அதனால் மலையைக் கண்டோர் சிலரே. இன்று செல்வோர்க்கு அம்மலையே பேறு. கொண்டுவருவதற்கு ஒன்றும் இல்லாத பயணமும் மனிதனைச் செல்வனாக்கும். அச்செல்வம் அறிவும் அடக்கமும் ஆகும்.