"பெர்மிஷன் டினைட்" வந்தால் உடனே சூடோவா?

எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விஷயம் இது. (சூடோவா, சூடூவா என்ற உச்சரிப்புச் சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.)

டெர்மினல் "பெர்மிஷன் டினைட்" என்று சொன்னதும், அதே கமாண்டுக்கு முன்னால் சூடோ சேர்த்து மறுபடி என்டர் தட்டுறோம் இல்லையா? அந்தப் பழக்கத்தை விடணும் என்பது என் கட்சி. சிஸ்டம் ஒரு காரணத்தோடுதான் மறுக்குது. அது என்னன்னு பார்க்காமல் ரூட்டாக மாறிட்டா, காரணம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் வேற ரூபத்தில் வரும்.

என்பிஎம்-ஐ எடுத்துக்கோங்க. ஒரு பேக்கேஜை சூடோ போட்டு இன்ஸ்டால் பண்ணினா, உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே சில ஃபைல்கள் ரூட்டின் பெயரில் உட்கார்ந்துடலாம். அப்புறம் சாதாரணமா ஓட்டினா, உங்க சொந்த ஃபோல்டரே உங்களை உள்ளே விடாது. மறுபடியும் சூடோ. முகம் தெரியாத யாரோ எழுதின இன்ஸ்டால் ஸ்கிரிப்டும் ரூட் அதிகாரத்தோடு ஓடலாம். நோடுக்கு என்விஎம், பைத்தானுக்கு வென்வ் என்று சூடோவே தேவைப்படாத வழிகள் இருக்கு. ஹோம்ப்ரூ இன்னும் கறார்: சூடோ போட்டு இன்ஸ்டால் பண்ணச் சொன்னா மறுத்துடும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்.

1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதின கருவி இது. ரூட் பாஸ்வேர்டை எல்லாருக்கும் சொல்லாமல், இன்னாருக்கு இன்ன கமாண்ட் மட்டும் என்று அளந்து கொடுக்க இதில் வசதி இருக்கு. நாம அதை வீட்டுக்கே ஒரே சாவியா வச்சிருக்கோம்.

"என் லாப்டாப், என் இஷ்டம்" என்பீங்க. உண்மைதான், உங்க போட்டோவையும் பிரவுசர் லாகினையும் திருட ரூட் கூடத் தேவையில்லை. ஆனா அதே மெஷினில் அம்மாவுக்கு ஒரு அக்கவுன்ட் இருந்தா? ரூட்டுக்கு அவங்க ஃபைலும் திறக்கும். அவங்க அந்தக் கமாண்டைப் பார்க்கவே இல்லை. நம்பி உங்ககிட்ட விட்டிருக்காங்க.

இப்போ சாட்பாட் கொடுக்கிற வரியை அப்படியே பேஸ்ட் பண்றவங்கதான் நம்மில் அதிகம். அதில் சூடோ இருந்தா, அது இல்லாமல் செய்ய வழி இருக்கான்னு முதல்ல அதுகிட்டயே கேளுங்க. இன்னொண்ணு: பாஸ்வேர்டை ஒரு தடவை அடிச்சா, அதே விண்டோவில் சில நிமிஷத்துக்கு சூடோ மறுபடி கேட்காது. வேலை முடிஞ்சதும் "சூடோ -கே" அடிச்சா (சின்ன எழுத்து கே) உடனே மறந்துடும்.