ஸ்கூபாவும் ஒரு சங்க் காஸ்ட்டும்

கள்ளக்குறிச்சிக்காரனுக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கப் போறவங்களுக்கு முதல்லயே ஒரு தகவல். 2019 நவம்பர் வரைக்கும் நாங்களும் கடற்கரை மாவட்டத்துக்காரங்கதான். அப்போ நாங்க விழுப்புரம் மாவட்டம், அதுல மரக்காணம் இருந்துச்சு, மரக்காணத்துல கடல் இருந்துச்சு. பிரிச்சப்போ கல்வராயன் மலை எங்களுக்கு வந்துச்சு, கடல் அவங்களோட நின்னுடுச்சு. சொத்துப் பிரிச்சதுல நமக்கு மலைதான்னு மனசத் தேத்திக்கிட்டேன் :-)

ஆனா சித்தி வீடு அந்தமான்ல. போர்ட் பிளேர். (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, சித்திக்கு இன்னும் வாய்ல வரல.) போன செமஸ்டர் லீவுல நான், கூடப் படிக்கிற மூணு பேர்னு நாலு பேரா கிளம்பிப் போயி, அங்கேருந்து ஹேவ்லாக் தீவுக்கும் போனோம். அதுக்கும் 2018-லயே ஸ்வராஜ் தீவுன்னு பேர் மாறிடுச்சு. எல்லாரும் போட்டோ போடற அதே ஸ்கூபா. வாழ்க்கைல ஒரு தடவை செஞ்சுடணும்னு ஒரு வருஷமா சேத்த காசு.

ஸ்கூபான்னா படகுல போயி பின்பக்கமா தொபுக்குன்னு விழறதுன்னுதான் நினைச்சிருந்தேன். நாங்க போனது நீமோ ரீஃப். அது கரையிலேருந்து நடந்தே உள்ள போற இடம். புதுசா முயற்சி பண்றவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. "நடந்தே போறதா, அப்போ ஈஸி"ன்னு நாலு பேரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்பைப் பத்திதான் இந்தப் பதிவு.

கால் மணி நேரம் சும்மா நின்னோம்

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணனுக்கு ராமநாதபுரம் பக்கம் பூர்வீகம், பொறந்து வளந்தது அந்தமான். எல்லாம் மாட்டிக்கிட்டுத் தயாரா நின்னா, மனுஷன் தண்ணிக்குள்ள விடவே இல்ல. கால் மணி நேரம் கடலைப் பாக்கச் சொன்னார். என்னத்தப் பாக்கறதுன்னு கேட்டோம்.

அலை ஒண்ணொண்ணா ஒரே அளவுல வராதாம். நாலஞ்சு பெருசா கூட்டமா வரும், அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும். அடங்கற நேரம் எவ்வளவுன்னு எண்ணிப் பாத்து, அந்த இடைவெளில நடக்கணும். பாறை எங்க இருக்கு, மணல் எங்க இருக்குன்னு பாக்கணும். மத்த இடத்துல அலை உடைஞ்சு வரும்போது நடுவுல ஒரு பட்டை மட்டும் உடையாம, கலங்கலா வெளிய போற மாதிரி தெரிஞ்சா அது இழுப்பு. அங்க இறங்கக்கூடாது. தெரியாம மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்குத் திரும்பணும்.

எல்லாத்துக்கும் மேல அவர் சொன்னது இது: "எங்க இறங்கறோம்னு அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, முதல்ல எங்க ஏறுவோம்னு பாருங்க. ஏற வழி தெரியலன்னா இறங்காதீங்க."

மத்த விதிகள் சுருக்கமா:

- முதுகுல இருக்கற சிலிண்டர் மட்டுமே கிட்டத்தட்ட 15 கிலோ. ஈயக்கட்டி, மேல்சட்டை எல்லாம் சேத்தா 20 கிலோ தாண்டிடும். நம்ம உடம்போட சமநிலையே மாறிடும்.
- முழங்கால் தண்ணிலயே கண்ணாடி முகத்துல இருக்கணும், மூச்சுக்குழாய் வாய்ல இருக்கணும். மேல்சட்டைல கொஞ்சம் காத்து இருக்கணும். விழுந்தா மிதக்கவும் முடியும், மூச்சும் விட முடியும்.
- துடுப்பைக் கால்ல மாட்டிக்கிட்டு முன்பக்கமா நடக்க முடியாது. பின்பக்கமாவோ பக்கவாட்டுலயோ, காலைத் தூக்காம தேச்சுத் தேச்சுப் போகணும். மணல்ல திருக்கை மீன் படுத்திருந்தா அந்த உரசல்ல அதுவா விலகிடும்.
- துணைக்கு வர்றவர் கை எட்டற தூரத்துலயே இருக்கணும்.
- வெளிய வரும்போது, அலை உடையற இடத்தைத் தாண்டற வரைக்கும் எழுந்திருக்கக்கூடாது. குழந்தை மாதிரி தவழ்ந்துதான் வரணும். கேவலமா இருக்கும், பரவால்ல.

கடைசி விதிக்கு எங்க கோஷ்டில பெரிய சிரிப்பு.

முழங்கால் தண்ணி

உள்ள என்ன பாத்தேன்னு எழுதினா அது தனிப் பதிவு. நீமோ மீனைப் பாத்தேன், அது என்னைக் கண்டுக்கல. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதுதான் மேட்டர். தண்ணி வத்தியிருந்துச்சு, இறங்கும்போது முங்கியிருந்த செத்த பவளப்பாறை இப்போ மேலாப்புல நிக்குது. கரையில நண்பன் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நம்மாளு, அதாவது நானு, தவழ்ந்தா படம் நல்லாருக்காதுன்னு எழுந்து நின்னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, வாய்ல இருந்த குழாயைத் துப்பிட்டு, ஈஈன்னு இளிச்சேன்.

பின்னாடி வந்த அலை பெரிய அலைகூட இல்ல, தொடை உயரம். ஆனா ஒரு கன மீட்டர் கடல் தண்ணி ஆயிரம் கிலோவுக்கு மேல எடைன்னு பத்தாம் வகுப்புல படிச்சது அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மல்லாக்க விழுந்தேன். முதுகுல சிலிண்டர், கால்ல துடுப்பு, கவுத்துப் போட்ட ஆமை கதை. எழுந்திருக்கப் பாத்தா அடுத்த அலை. கண்ணாடி போயிடுச்சு, குழாய் எங்க இருக்குன்னு தெரியல. மூணு நாலு அலைக்கு உப்புத் தண்ணிதான் மூச்சு. அண்ணன் தோள்பட்டைக்குப் பின்னாடி பிடிச்சு இழுத்து வெளிய போட்டார். முழங்கால்ல மூணு தையல்.

பத்து மீட்டர் ஆழத்துல ஒண்ணும் ஆகல. முழங்கால் தண்ணிலதான் சாகத் தெரிஞ்சேன்.

நெஜமா வெக்கப்பட வேண்டிய விஷயம்

விழுந்ததுல எனக்கு வெக்கம் இல்ல. மறுநாள் நடந்ததுலதான் வெக்கம். மத்த மூணு பேருக்கும் மறுநாளும் ஒரு முறை இறங்கக் காசு கட்டியிருந்தோம். காலைல போனா காத்து மாறி அலை எகிறுது. அண்ணன் அதே மாதிரி நின்னு பாத்துட்டு, "இன்னிக்கு வேணாம்"னார். நாங்க சண்டைக்குப் போனோம். அதிகமா கத்தினது யாரு? கால்ல கட்டோட நின்ன நான்தான். "காசு கட்டியாச்சுண்ணே, நாளைக்கு எங்களுக்குக் கப்பல்ணே"ன்னு.

அவர் கோபப்படல. "காசு நேத்தே போயிடுச்சு தம்பி. இறங்கறதா வேணாமான்னு கடலைப் பாத்து முடிவு பண்ணுங்க, ரசீதைப் பாத்து இல்ல"ன்னார்.

மக்களே, நான் பி.காம். 'சங்க் காஸ்ட்'னு ஒண்ணு எங்க பாடத்துல வருது. செலவாகித் திரும்ப வராத காசு, அடுத்த முடிவுல அதைக் கணக்குல சேக்கக்கூடாது. பத்து மார்க் கேள்வி. உதாரணத்தோட எழுதி ஒம்போது வாங்கியிருக்கேன். அதை எந்தக் காலேஜுலயும் படிக்காத மனுஷன் மணல்ல நின்னு எனக்குச் சொல்றார். சங்க் காஸ்ட்டைக் கணக்குல சேத்தா சங்கு ஊதிடும்னு பாடப்புத்தகத்துல போட்டிருந்தா ஒருவேளை மனசுல நின்னிருக்கும்.

மெட்ராஸ்ல ஒரு கொடி

ஊருக்கு வந்து இதைப் பத்திப் படிச்சப்போ ஒரு சங்கதி கிடைச்சுது. பழைய மெட்ராசுக்கு ரொம்ப காலம் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போடும். அங்கேருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகுல ஏத்தி, அலை உடையற இடத்தைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வரணும். அந்தப் படகுல இரும்பு ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிறால தெச்சிருப்பாங்க. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். கவுந்தா ஆளைத் தூக்கறதுக்குன்னு கூடவே கட்டுமரமும் வருமாம். பின்னாடி துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க, அதையும் 1881 புயல் பதம் பாத்துச்சு.

எனக்குப் பிடிச்சது படகு இல்ல, கொடி. அலை ரொம்ப மோசமா இருக்கற நாள்ல கரையில இருக்கற அதிகாரியோட அலுவலகத்துல ஒரு கொடி ஏத்திடுவாங்க. இன்னிக்கு யாரும் தாண்டக்கூடாதுன்னு அர்த்தம். கவனிச்சீங்களா? கொடி ஏத்தறவர் படகுல இல்ல. கரைக்குப் போற அவசரம் அவருக்குக் கிடையாது.

என் கருத்து இதுதான். தண்ணில இறங்கலாமா வேணாமாங்கற முடிவை, இறங்கினா லாபம் வர்ற ஆளுகிட்டயும் விடக்கூடாது, காசு கட்டிட்டு ஆசையா நிக்கற ஆளுகிட்டயும் விடக்கூடாது. அதுக்கு ரெண்டு வழி சொல்வேன்.

ஒண்ணு, ரசீதுலயே அச்சடிக்கணும்: கடல் சரியில்லன்னா காசு வாபஸ், இல்ல வேற தேதி. எங்களுக்கு வாபஸ் கிடைக்கல, அதனாலதான் அவ்வளவு கத்தினோம். வேணாம்னு சொன்னா ஒருத்தருக்கு நஷ்டம்ங்கற நிலைமை இருக்கற வரைக்கும், சரி போலாம்னு சொல்ற பக்கம்தான் தராசு சாயும். வியாபாரம் படுத்துடும்னு சொல்வாங்க. ஒரே ஒரு விபத்து அதைவிட வேகமாப் படுக்க வெக்கும். ரத்தாகற நாளுக்கும் சேத்து முன்னாடியே விலைல கொஞ்சம் ஏத்தி வெச்சா போச்சு. காப்பீட்டுக்காரன் செய்யறதே அதான?

ரெண்டு, காரணம் கேக்கக்கூடாது. ஸ்கூபால கட்டைவிரலை மேல தூக்கிக் காட்டினா 'சூப்பர்'னு அர்த்தம் இல்ல, 'மேல போலாம், முடிச்சுக்கலாம்'னு அர்த்தம். யார் காட்டினாலும் எல்லாரும் திரும்பணும், ஏன்னு கேக்கக்கூடாது. அதே சைகை கரையிலயும் செல்லணும். நாலு பேர்ல ஒருத்தன் வேணாம்னா, பயந்தாங்கொள்ளின்னு ஓட்டக்கூடாது. எங்க கோஷ்டில ஒருத்தனுக்கு அன்னிக்குக் காலைலயே பயம் இருந்துச்சாம். நாங்க கிண்டல் பண்ணுவோம்னு வாயைத் திறக்கல. ஊருக்கு வந்தப்புறம் சொல்றான்.

மலைக்கும் இதேதான்

கடல் இல்லாத ஊருக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க. போன வருஷம் இதே கோஷ்டி மேகம் அருவிக்குப் போயிருந்தோம். எங்களுக்கு மேல வெயில்தான். திடீர்னு தண்ணி செம்மண் கலர்ல வந்துச்சு, கூடவே சருகும் குச்சியும். அந்தப் பக்கமா வந்த மலைக்காரப் பெரியவர் ஒருத்தர், "மேல மழை புடிச்சிருச்சு, ஏறுங்க சாமி"ன்னார். இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்துட்டு அரை மணி நேரத்துல ஏறணுமான்னு முணுமுணுத்துக்கிட்டேதான் ஏறினோம். கொஞ்ச நேரத்துல நாங்க பை வெச்சிருந்த பாறையைக் காணோம்.

அன்னிக்கும் பெட்ரோல் காசு, ஹேவ்லாக்லயும் ரசீது. ரெண்டு தடவையும் எங்களைக் காப்பாத்தினது எங்க புத்தி இல்ல. கரையில நின்ன, எங்க காசுல சம்பந்தமில்லாத ஒருத்தரோட 'வேணாம்'தான். அடுத்த தடவை அப்படி ஒருத்தர் அங்க இல்லாமப் போகலாம். அதனால எங்களுக்குள்ள ஒரு முடிவு. எங்க போனாலும் நாலு பேர்ல ஒருத்தன் அன்னிக்குத் தண்ணில இறங்கமாட்டான். கரையிலயே நிப்பான். அவன்தான் கொடி. அவன் கட்டைவிரலைத் தூக்கினா எல்லாரும் வெளிய. ஊர் ஊருக்கு முறை மாறும்.

முதல் முறை என்னோடது. அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு மட்டும் யாரும் கடல்ல இறங்கிடாதீங்க. பயிற்சி கொடுத்தவர் பக்கத்துல இருக்கணும். நான் வெறும் பி.காம் :-)