ஆலோசனைதானே என்னும் ஏளனம்

ஆலோசனைக் குழு என்றாலே நம்மில் பலர் உதட்டைப் பிதுக்குகிறோம். பங்குப் பேரவையில் அமர்ந்து எழுந்தவர்களுக்கு இம்மனநிலை புதிதன்று. திருச்சபைச் சட்டத்தின் 536-ஆம் எண் பேரவைக்குத் தருவது ஆலோசனை வாக்கு மட்டுமே; முடிவு பங்குத்தந்தையினுடையது. "சொல்லி என்ன பயன்? கேட்கவா போகிறார்கள்?" என்று பாதியில் எழுந்து போனவர்களை நாம் அறிவோம், நாமே போனதும் உண்டு. அந்த ஏளனம் தவறு என்பதையும், அது யாருக்கு வசதியாய் அமைகிறது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். சான்றுக்கு, நம் பிள்ளைகள் பலர் கணினிப் பணிக்குச் செல்லும் வட்டாரத்திலுள்ள ஒரு சிறு நகரை எடுத்துக்கொள்வோம்.

கலிபோர்னியாவில் சான் மத்தேயோ என்றொரு மாவட்டம். வரி தண்டிய நம் மத்தேயுவின் பெயர்தான். அதிலுள்ள மென்லோ பார்க் நகரில், 2020 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 34,000 பேர். ஃபேஸ்புக் நிறுவனம் 2011-இல் தன் தலைமையகத்தை அங்கே கொண்டுசென்றது. செல்வம் பெருகியது, வீட்டு விலையும் வாடகையும் எளியோர்க்கு எட்டாத உயரத்துக்குப் போயின. அந்நகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் அந்நகரில் குடியிருக்க இயலாத நிலை.

அங்கே வீட்டுவசதி ஆணையம் ஒன்று இயங்குகிறது. உறுப்பினர் எழுவர், ஊதியமற்ற குடிமக்கள். ஒரு காசு செலவிடவோ, ஒரு சுவரை எழுப்பவோ, தடுக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. நகர மன்றத்துக்கு ஆலோசனை கூறலாம், அவ்வளவே. பிறகென்ன பயன் என்கிறீர்களா?

இருபது வீடுகளோ அதற்கு மேலோ கட்டுபவர், அவற்றுள் 15 விழுக்காட்டைச் சந்தை விலைக்குக் குறைவாக, வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அந்நகரின் விதி. எந்த வருவாய் நிலையினருக்கு? எத்தனை அறைகள்? நல்ல வீடுகளை விற்றுவிட்டு மூலையில் கிடப்பதை ஏழைக்குத் தள்ளுகிறாரா? இக்கேள்விகளை ஆணையத்தார் கட்டடக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே கேட்கலாம். பெரிய வணிகக் கட்டடங்கள் செலுத்தும் கட்டணம் தனி நிதியாகச் சேர்கிறது. அதை எந்தத் திட்டத்துக்குக் கடனாகத் தரலாம் என்றும் அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பெல் ஹேவன் பகுதியில் 82 பழைய வீடுகள் நின்ற இடத்தில் எளியோர்க்கென 140 வீடுகள் எழும்ப அந்த நிதி உதவியது.

எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. 1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். எவரும் வந்து பேசலாம். எழுவர் கேட்டதும், கட்டடக்காரர் மழுப்பியதும் பதிவாகின்றன. மாறாக வாக்களிக்கும் மன்ற உறுப்பினர் அப்பதிவைத் தாண்டித்தான் கை உயர்த்த வேண்டும். இதைப் பல்லில்லாத குழு என்பவர் அதன் வாயில் ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கட்டும்.

ஆலோசனை எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மாநிலச் சட்டம் கேட்கும் வீட்டுவசதித் திட்டத்தை 1992-க்குப் பின் இருபது ஆண்டுகள் அந்நகர் புதுப்பிக்கவேயில்லை. 2012-இல் பல சமயத்தார் இணைந்த ஓர் அமைப்பும் வேறு சில அமைப்புகளும் வழக்குத் தொடுத்த பின்னரே அசைந்தது. இவ்வுண்மையை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நீதிமன்றத்தை ஆண்டுதோறும் அழைக்க முடியுமா?

நமக்கு உண்மையில் சினமூட்டுவது வேறொரு குரல். "ஏழைக்கு வீடு வேண்டாம் என்று யார் சொன்னது? இங்கே வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்." மூடப்பட்ட ஒரு பள்ளி நிலத்தில், ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் முன்னுரிமை தந்து 90 வீடுகள் வரை கட்ட ஒரு பள்ளி நிருவாகம் முனைந்தபோது அக்குரல் எழுந்தது. தனிவீட்டு மனைப் பகுதிகளைப் பொது வாக்கெடுப்பின்றி வேறு வகைக்கு மாற்றலாகாது என்றொரு முன்மொழிவு 2022 நவம்பரில் வாக்குக்கு வந்தது; மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். 2025 ஜனவரியில், நகரின் நடுவிலுள்ள பொது வாகன நிறுத்துமிடங்களில் மிகக் குறைந்த வருவாயினர்க்கென 345 வீடுகளேனும் அமைக்க மன்றம் வழிசெய்தபோது மீண்டும் அதே குரல், வழக்கும் வந்தது. கடைக்காரரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. மூத்தோர் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் மாற்று நிறுத்தத்துக்கும் அத்திட்டத்தில் இடமிருந்தது. மேலும், நெடுஞ்சாலை 101-க்கு அப்பால், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மிகுந்த பெல் ஹேவன் பக்கமே புதுக் கட்டுமானத்தின் சுமையைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்தபோது, "இங்கே வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு யார் வாய்ப்பளித்தார்கள்?

வீடு பற்றிய மக்கள் மனப்போக்கை ஆராய்வதும் அவ்வாணையத்தின் கடமைகளுள் ஒன்று. செங்கல்லை எண்ணுவதோடு நெஞ்சையும் எண்ணச் சொன்னவர் யாரோ, அறிந்தே சொல்லியிருக்கிறார்.

2023 முதல் 2031 வரை அந்நகருக்கு விதிக்கப்பட்ட வீடுகள் 2,946. அவற்றுள் மிகக் குறைந்த வருவாயினர்க்கு 740. எத்தனை எழுந்தன என்று ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாளுக்குள் மாநில அரசுக்குக் கணக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கை மேசைமேல் விரித்து, மீதி எங்கே என்று கேட்பதற்கு அவ்வெழுவர்க்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.