ரூட்டு தல எதுக்கு? காலேஜுக்கு ஒரு 'பெரிய மேட்ச்' கொடுங்க!

தருமபுரி பக்கம் இருப்பவர்களுக்கு அதியமான்கோட்டையைத் தெரியாமல் இருக்காது. சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையும், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் சாலையும் சந்திக்கும் ஊர். இங்கிருந்து பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு, டிராஃபிக் ஒத்துழைத்தால் மூன்று மணி நேரம். ஐபிஎல் டிக்கெட் மட்டும் கையில் கிடைச்சா, யோசிக்காம கிளம்பிடுவோம்.

ஆனால் ஒரு கேள்வி. நீங்க படிச்ச காலேஜோட கபடி டீமோ, வாலிபால் டீமோ ஆடின ஒரு மேட்ச்சையாவது, மைதானத்தில் உட்கார்ந்து முழுசா பார்த்திருக்கீங்களா? நம்மில் பலருடைய பதில் 'இல்லை'தான். டீம்ல யார் யார் இருந்தாங்கன்னுகூட தெரியாது.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவரிடம் கேட்டுப் பாருங்கள். மேட்ச்சைப் பற்றி மட்டுமல்ல, மேட்ச்சுக்கு முன்னாடி கார் பார்க்கிங்கில் என்ன சாப்பிட்டோம் என்பது வரை சொல்வார். அதற்குப் பெயர்தான் 'டெயில்கேட்டிங்'.

டெயில்கேட்டிங்... அப்படின்னா?

பிக்கப் வண்டியின் பின்பக்கம் கீழே மடங்கும் கதவு இருக்கும் இல்லையா, அதுதான் டெயில்கேட். அந்தக் கதவையே மேசையாக்கி, பக்கத்தில் அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பரிமாறுவது. கல்லூரி கால்பந்து சீசனில், மேட்ச் நடக்கும் சனிக்கிழமைகளில், ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே ஸ்டேடியத்தைச் சுற்றி இந்தக் கொண்டாட்டம் ஆரம்பிக்கும். எல்லாரும் கல்லூரி நிறத்தில் சட்டை. மாணவர்களின் பேண்டு வாத்தியம். முப்பது வருஷத்துக்கு முன் படித்து முடித்தவர் பேரன் பேத்தியோடு வந்து நிற்பார். (இது நம்ம ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.)

அங்கே இரண்டு கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6-ல் நடந்தது. ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. மிச்சிகன் - ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் மோதல் 1897-ல் தொடங்கியது. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகையே சுமார் 1.2 லட்சம்தான்!

காசு இருந்தா நாமும் பண்ணுவோமே?

முதலில் தோன்றும் பதில் இதுதான். உண்மையும் இருக்கு. டிவி உரிமம், ஸ்பான்சர்ஷிப் என்று அங்கே புழங்குவது பெரும் பணம். ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க 2021-ல்தான் அனுமதி கிடைத்தது என்பது அந்தக் கதையின் இருட்டுப் பக்கம்.

ஆனால், கூட்டம் வருவதற்குக் காரணம் பணம் இல்லை. நான்கு எளிய விஷயங்கள்: மாறாத எதிரணி, மாறாத தேதி, சொந்த மைதானம், திரும்பி வரும் பழைய மாணவர்கள். இது நாலும் இருந்தா எந்த விளையாட்டா இருந்தாலும் கூட்டம் வரும். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், தன் கால்பந்து ஸ்டேடியத்தில் ஒரு வாலிபால் மேட்ச் நடத்தியது. பெண்கள் மேட்ச். வந்தவர்கள் 92,003 பேர். தமிழ்நாட்டு ஊர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அதே வாலிபால்தான்.

அமெரிக்கா வேண்டாம், யாழ்ப்பாணத்தைப் பாருங்க

அது பணக்கார நாடு, நமக்குப் பொருந்தாது என்று நினைத்தால், பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தை 'வடக்கின் பெருஞ்சமர்' என்கிறார்கள். (இலங்கையில் இந்தக் 'கல்லூரி'கள் எல்லாம் பள்ளிக்கூடங்கள்.) தொடங்கியது 1904-ல். வழக்கமாக மார்ச் மாதம், மத்திய கல்லூரி மைதானத்தில், மூன்று நாள் ஆட்டம். போர்க்காலத்தில் சில வருடங்கள் தடைபட்டது. ஆனாலும் நூறு ஆட்டங்களைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

கொடி, மேளம், ட்ரம்பெட், கல்லூரி நிறங்கள் எல்லாம் உண்டு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவர்கள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். போர் சிதறடித்த ஓர் ஊருக்கு, வருஷத்தில் மூன்று நாள் எல்லாரும் ஒன்றுகூட ஒரு காரணம் கிடைக்கிறது. ஆடுவதோ பள்ளிப் பையன்கள். அவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முன் ஆடுவது வாழ்நாள் அனுபவம்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. சென்னை சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில் 'பிரசிடென்சி மேட்ச்' நடந்தது. ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே, 1950-களின் தொடக்கம் வரை. பொங்கல் மேட்ச் என்றே அதற்குப் பெயர். இன்றைக்கும் பொங்கல் என்றால் அவனியாபுரம், மாட்டுப் பொங்கல் என்றால் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று தேதி கேட்காமலே சொல்வோம். திருவிழாவோடு விளையாட்டைச் சேர்ப்பது நம் ரத்தத்தில் இருக்கிறது.

கல்லூரிகளில் மட்டும் அது நடக்கவில்லை. பல்கலைக்கழக அளவிலான போட்டிகள் வேலை நாட்களில், வேறு ஏதோ ஒரு ஊரில், பெரும்பாலும் காலி மைதானத்தில் நடந்து முடிகின்றன. கோப்பையோடு பிரின்சிபால் நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். அவ்வளவுதான்.

அதுக்காக மாணவர்களுக்குப் போட்டி உணர்வு இல்லைன்னு அர்த்தமா? அதுவும் இல்லை. அது வேறு இடத்துக்குப் போய்விட்டது, பஸ் கூரைக்கும் ரயில் பிளாட்ஃபாரத்துக்கும். சென்னையில் ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு 'ரூட்டு தல', 'பஸ் டே' ஊர்வலம், கல்லூரிக்குக் கல்லூரி மோதல். 2019 ஜூனில் பஸ் டே கொண்டாட்டத்தில் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர்மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை இருந்திருக்க வேண்டியதில்லை. வேறு காலேஜ் என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. என் காலேஜ், என் நிறம், எதிர் காலேஜைத் தோற்கடிக்கணும் - இந்த உணர்வு மிச்சிகன் மாணவருக்கும் உண்டு, பரியோவான் மாணவருக்கும் உண்டு. அவர்களுக்கு அதை இறக்கி வைக்க ஒரு மைதானமும், கோடுகளும், நடுவரும், முடிவு சொல்லும் விசிலும் இருக்கின்றன. நம் மாணவர்களுக்கு நாம் தடை உத்தரவு மட்டும்தான் கொடுத்திருக்கிறோம்.

கூட்டம் சேர்ந்தா அடிதடி ஆகாதா?

நியாயமான பயம். அமெரிக்க டெயில்கேட்டிங்கில் குடி ஒரு பெரிய தலைவலி. இலங்கையிலும் 'பிக் மேட்ச்' சீசனில் மாணவர்கள் எல்லை மீறுவதும், போலீஸ் எச்சரிப்பதும் நடக்கும். நமக்கு சாதி மோதல் பயமும் சேர்ந்துகொள்கிறது. மைதானம் கட்டினால் எல்லாம் மாயமாய் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால், கூட்டத்தால் வரும் ஆபத்து எங்கே அதிகம் என்று பாருங்கள். 2025 ஜூன் 4 அன்று, ஆர்சிபி முதல் கோப்பை வென்ற மறுநாள், சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அவசர அவசரமாக அறிவித்த விழா, யாருக்கு அனுமதி என்ற குழப்பம், உள்ளே இருக்கும் இடத்தைவிடப் பல மடங்கு கூட்டம். வருஷா வருஷம் அதே தேதியில், அதே இடத்தில் நடக்கும் மேட்ச்சுக்கு முன்கூட்டியே திட்டமிடலாம். எந்த கேட் யாருக்கு, வண்டி எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எந்த வழியில் வரும் என்று வருஷத்துக்கு வருஷம் அனுபவம் சேரும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்டேடியம் எல்லாம் வேண்டாம். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பாதிக்கு 20 நிமிடம். ஒரு விளக்குக் கம்பமும் நல்ல மைக்செட்டும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதை நிறைத்துவிடலாம்.

எதிரணியும் ரெடி. 2004 பிப்ரவரி வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். பிரிந்துபோன பங்காளிகளைவிடச் சிறந்த எதிரணி வேறு யார்? தருமபுரியிலிருந்து ஒரு கல்லூரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை. மாலையில் பெண்கள் வாலிபால், விளக்கு போட்டதும் ஆண்கள் கபடி. ஒரு வருஷம் அங்கே, மறுவருஷம் இங்கே. தருமபுரியின் முறை வரும்போது, நாலா பக்கமிருந்தும் பஸ் வரும் அதியமான்கோட்டையைவிட வசதியான இடம் எது?

டெயில்கேட்டிங்குக்குப் பதில் தட்டுவடை செட், மிளகாய் பஜ்ஜி. மது கிடையாது. பெண்களும் குடும்பங்களும் நிம்மதியாக உட்கார இடமும், சுத்தமான கழிப்பறையும் கட்டாயம். நுழைவு இலவசம், பழைய மாணவர்கள் தரும் நன்கொடையில் ஆட்டக்காரர்களுக்கு ஷூவும் சத்தான சாப்பாடும்.

இதுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு பிரின்சிபால்கள், இரண்டு உடற்கல்வி இயக்குநர்கள், ஒரு காவல் ஆய்வாளர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். பெங்களூருவில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு: அந்த சனிக்கிழமைக்கு இப்பவே லீவு கேட்டு வைங்க.