க்ரீம் பூச டாக்டர் சீட்டு இருக்கா?



ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நின்னு சன்ஸ்கிரீன் பூசுற பார்ட்டியா நீங்க? "ஏன், கறுத்துடுவோம்னு பயமா?"ன்னு பக்கத்து ரூம் கும்பல் கண்டிப்பா கலாய்ச்சிருக்கும். நம்ம ஊர்ல சன்ஸ்கிரீன்னா அது அழகு சமாச்சாரம். பவுடர், லிப்ஸ்டிக் பக்கத்துல வைக்கிற ஐட்டம். அவ்வளவுதான்!

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. இதே ட்யூபை அமெரிக்காவில் ஒரு எட்டு வயசுக் குழந்தை ஸ்கூல் பையில் வெச்சு எடுத்துட்டுப் போனா, ரொம்ப வருஷமா பல பள்ளிகளில் என்ன நடந்தது தெரியுமா? மிஸ் அதை வாங்கி வெச்சுக்குவாங்க. "டாக்டர் சீட்டு எங்கே?"ன்னு கேட்பாங்க. சீட்டு இருந்தாலும் க்ரீம் நர்ஸ் அறை பீரோவுக்குள்ளதான் இருக்கும். குழந்தை அங்கே போய்த்தான் பூசிக்கணும். காரணம், சன்ஸ்கிரீன் ஒரு மருந்து!

காமெடி மாதிரி இருக்கா? நான் கூட முதல்ல அப்படித்தான் நினைச்சேன். 2012 ஜூனில் நடந்ததைப் படிச்சதும் சிரிப்பு போயிடுச்சு.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு விழா. காலையில் மழை மூட்டம். அதனால் ரெண்டு அக்கா தங்கச்சிங்க க்ரீம் பூசாமலே கிளம்பிட்டாங்க. கொஞ்ச நேரத்தில் வானம் தெளிஞ்சு வெயில் வந்துடுச்சு. மணிக்கணக்கா மைதானத்தில் ஆட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்போ ரெண்டு பேருக்கும் முகமும் தோளும் வெந்து சிவந்து போயிருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. குழந்தைங்க சிவந்து போறதைப் பெரியவங்க பார்க்காம இல்லை. பார்த்தாங்க. ஆனா டாக்டர் சீட்டு இல்லாம க்ரீம் தரக் கூடாதுன்னு ரூல் இருந்தது. அதை யாரும் மீறலை.

அந்த ஆசிரியர்களை வில்லனாக்க நான் வரலை. ரூலுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, அதையும் பார்த்துடுவோம்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) சன்ஸ்கிரீனை, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தலைவலி மாத்திரை இருக்கிற அதே பட்டியல். பள்ளிகளுக்கோ மருந்து என்றாலே கிலி. பிள்ளைகள் மாத்திரையைக் கைமாற்றிக்கொள்வார்கள், ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு வரும் என்ற பயம். அந்த பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாம்பிள்: 2003-ல் அரிசோனா மாநிலத்தில் 13 வயசு மாணவி ஒருத்தி வலி மாத்திரை வெச்சிருக்கிறாள் என்ற சந்தேகத்தில், பள்ளிக்காரர்கள் அவள் உடையைக் களையச் சொல்லிச் சோதனை போட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தச் சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2009-ல் தீர்ப்பு வந்தது.

மாத்திரைக்கே இந்தப் பாடு என்றால் க்ரீம் மட்டும் தப்புமா? கூடவே நியாயமான கவலைகளும் இருந்தன. ஒரு குழந்தையின் க்ரீம் இன்னொரு குழந்தைக்கு அலர்ஜி ஆகலாம். ஆசிரியர் பூசிவிட்டால், பிள்ளையைத் தொட்டார் என்று நாளைக்கே புகார் வரலாம். இந்தத் தொடும் பிரச்னை இங்கிலாந்துப் பள்ளிகளிலும் உண்டு. "வீட்டிலேயே பூசி அனுப்பிடுங்க"ன்னு சொல்ற பள்ளிகள் அங்கே நிறைய.

வீட்டில் பூசினா போதாதா? போதாது பாஸ். சன்ஸ்கிரீனை ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். வியர்த்தாலும் நனைஞ்சாலும் உடனே பூசணும். காலை ஏழு மணிக்கு அம்மா பூசிவிட்டது, மதியம் உச்சி வெயிலில் விளையாடப் போகும்போது எங்கே இருக்கும்? மேக மூட்டமா இருந்தாலும் புற ஊதாக் கதிர் ஊடுருவி வரும் என்பது இன்னொரு வம்பு.

'நாங்கல்லாம் வெயில்லயே வளர்ந்தவங்க'ன்னு காலரைத் தூக்கிக்கிறீங்களா? கொஞ்சம் இருங்க. நம்ம தோலில் மெலனின் கூடுதல். அது ஓரளவுக்கு இயற்கையான குடை. முழுக் குடைன்னு சொல்ல முடியாது. வெள்ளைத் தோல் குழந்தைக்கு அந்த ஓரளவு குடையும் இல்லை. சின்ன வயசில் கொப்புளம் வர்ற அளவுக்கு வெயிலில் வெந்தால், பெரியவங்களானதும் மெலனோமா என்ற பொல்லாத தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் எல்லாப் புற்றுநோய்களையும்விட அதிகம் வருவது தோல் புற்றுநோய்தான். அங்கே இது உயிர்ச் சமாச்சாரம். அழகுக்கு அதில் பங்கே இல்லை.

தொப்பியாவது போடலாமேன்னு கேட்பீங்க. அதிலும் ஒரு சிக்கல். தொப்பியின் நிறத்தையும் அடையாளத்தையும் வெச்சு ரவுடி கும்பல்கள் ஆள் சேர்க்குதுன்னு பல பள்ளிகள் தொப்பியையும் தடை செய்திருந்தன. க்ரீமுக்குத் தடை போதைப் பயத்தால். தொப்பிக்குத் தடை ரவுடிப் பயத்தால். ரெண்டுமே பாதுகாப்புக்காகப் போட்ட ரூல்தான். ரெண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை மொட்டை வெயிலில் நிக்குது!

அப்புறம் எப்படி மாறிச்சு? முதல் அடி கலிஃபோர்னியா. 2002 வாக்கில் அங்கே கல்விச் சட்டத்தில் சில வரிகள் சேர்த்தார்கள். மாணவர்கள் வெளியே போகும்போது தொப்பி போடப் பள்ளி அனுமதிக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமலே சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளலாம். இந்த விதியைப் பொறுத்தவரை சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கில் வராது. பூசிவிடும் பொறுப்பு ஆசிரியருக்கு இல்லை. எந்த மாதிரித் தொப்பி என்று முடிவு செய்யும் உரிமை பள்ளிக்கே.

கவனிச்சீங்களா? மருந்துத் தடையை யாரும் தூக்கி எறியலை. ரவுடித் தொப்பிக் கவலையையும் மதிச்சாங்க. ஆசிரியரின் பயத்தையும் மதிச்சாங்க. குழந்தையின் தோலையும் காப்பாத்திட்டாங்க. எல்லாம் சில வரிகளில்!

ஆனா மத்த மாநிலங்கள் ஆமை வேகம். நியூயார்க் 2013, டெக்சாஸ் 2015 என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த ரெண்டு பெண்களும் வெந்துபோன வாஷிங்டன் மாநிலத்தில் சட்டம் வந்தது 2017-ல். அஞ்சு வருஷம்! தோல் டாக்டர்கள் சங்கங்களும் பெற்றோர்களும் விடாமல் தட்டியதில், இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் ஆஸ்திரேலியா. அங்கேயும் சன்ஸ்கிரீன் மருந்துப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசுத் துறையின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஏறக்குறைய அதே முத்திரை. ஆனா பள்ளிக்கூடம் நேரெதிர்! 1981-லேயே ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை டி.வி.யில் ஆடவிட்டு, 'சட்டையைப் போடு, க்ரீமைப் பூசு, தொப்பியை மாட்டு'ன்னு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பல பள்ளிகளில் இன்னைக்கும் ரூல் இதுதான்: தொப்பி இல்லையா, வெயிலில் விளையாட்டும் இல்லை. நிழலில்தான் இருக்கணும். அதுவும் ஸ்டைலா போடற கிரிக்கெட் கேப் செல்லாது. காதும் கழுத்தும் மறையற அகலத் தொப்பி வேணும். வகுப்பறையிலேயே க்ரீம் பாட்டில் இருக்கும். குழந்தைங்க தாங்களே பூசிக்கப் பழகுவாங்க.

ஒரே க்ரீம். ஒரு நாட்டில் அது பையில் இருந்தா தப்பு, இன்னொரு நாட்டில் பூசாம வெளியே போனா தப்பு. அப்போ கோளாறு மருந்துங்கிற முத்திரையில் இல்லை. 'இந்த ரூல் யாரைக் காப்பாத்தப் போட்டது?'ங்கிற கேள்வியை ஒரு இடத்தில் கேட்டாங்க, இன்னொரு இடத்தில் மறந்துட்டாங்க. மாத்திரைக்குப் போட்ட ரூல் குழந்தையைக் காக்கத்தான் பிறந்தது. அதே ரூல் க்ரீமுக்கு வந்தப்போ, காப்பாத்தினது பள்ளியை மட்டும்தான்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? ரூலைக் கண்டா நமக்கு ரெண்டே ரியாக்‌ஷன்தான். ஒண்ணு, "ரூல்னா ரூல்"னு தலையாட்டுவோம். இல்லை, கட் அடிச்சுட்டுப் போவோம். மூணாவது வழி ஒண்ணு இருக்கு: எதுக்காகப் போட்டாங்கன்னு கேட்டு, அந்தக் காரணத்தை மதிச்சு, தப்பான வரியை மட்டும் மாத்தச் சொல்லி எழுதறது. கொஞ்சம் போர் அடிக்கிற வேலைதான். ஆனா கலிஃபோர்னியாவில் குழந்தைங்க தலைக்குத் தொப்பி வந்தது இப்படித்தான்.

இன்னும் கொஞ்ச நாள்ல உங்கள்ல பல பேர் டீச்சரா, டாக்டரா, அதிகாரியா ரூல் எழுதப் போறீங்க. அட, அதுக்கு முன்னாடியே என்.எஸ்.எஸ். பேட்ஜ் குத்திக்கிட்டு ஏதோ ஒரு பள்ளி ஸ்போர்ட்ஸ் டேல வாலன்டியரா நிப்பீங்க. கையில் சர்க்குலர் இருக்கும். எதிரே ஒரு வாண்டு முகம் சிவந்து, "அக்கா, தலை சுத்துது"ன்னு நிக்கும்.

முதல்ல வாண்டை நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க. சர்க்குலரை அப்புறம் படிச்சுக்கலாம்!