பூனைக்கு ஒரு தூண்

தருமபுரி மாவட்டத்தில் தறி ஓடும் வீட்டிற்கும், கேழ்வரகு சேமிக்கும் வீட்டிற்கும், பட்டுப்புழு வளர்க்கும் மனைக்கும் பொதுவான பகைவன் ஒருவன் உண்டு. அவன் எலி. கஞ்சி தோய்ந்த பாவு அவனுக்கு நல்ல உணவு. மூட்டையில் உள்ள தானியத்தை அவன் தின்பது ஒரு பங்கானால், சிந்தியும் அசுத்தப்படுத்தியும் கெடுப்பது மற்றொரு பங்கு. புழுமனையில் நுழைந்துவிட்டாலோ புழுவையும் விடுவதில்லை, கூட்டையும் விடுவதில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மல்பெரி விவசாயிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இந்தப் பகைவனுக்கு எதிராகக் கூலி கேளாமல் உழைப்பது பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் ஒரு மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். உழவன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய காலத்திலேயே பூனையின் உறவும் தொடங்கிற்று என்று கருத இது இடந்தருகிறது.

ஆயினும் இக்காவலாளியின் மீது நெசவாளர் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு, அது பொய்யுமன்று. பூனை தறிக்காலைப் பிறாண்டுகிறது. அருகில் இழுத்துக் கட்டிய பாவிலும் நகத்தைப் போடுகிறது. இழைகள் அறுந்தால் அவற்றைத் தேடிப் பிணைக்கும் நேரத்திற்குக் கூலி கிடையாது. துணியில் குறை தென்பட்டால் கூலியிலும் பிடித்தம் விழும். கோபங்கொண்ட வீட்டார் பூனையைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் எலி பெருகுகிறது. எலி மருந்து வருகிறது. குழந்தைகள் தவழும் தரையில் நஞ்சு வைக்கும் நிலை வந்துவிடுகிறது. அந்நஞ்சைத் தின்ற எலியை அடுத்த வீட்டுப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்தே. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல என்பது இதுதான். உணவின்றி வருந்த நேரும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உறுப்பினர்கள் மறக்கலாகாது.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நகத்தின் தேய்ந்த மேலுறை கழல வேண்டும். தூங்கி எழுந்த உடல் நீண்டு நிமிர வேண்டும். பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையால் இது என் இடம் என்று அடையாளமிட வேண்டும். இம்மூன்றும் அதன் இயற்கை. அடித்தாலும் இயற்கை போகாது. நாம் பாராத நேரத்தைத் தேடிக்கொள்ளும், அவ்வளவே. பிறாண்டும் இடத்தையும் அது ஆராய்ந்தே தெரிந்தெடுக்கிறது. அசையாத ஊன்றுதல், தன் உடல் நீளத்திற்கேற்ற உயரம், நகம் பிடிக்கும் சொரசொரப்பு ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். நிலத்தில் ஊன்றிய தறிக்காலில் இம்மூன்றும் பொருந்தியிருக்கின்றன. அதைவிடச் சிறந்த ஒன்றை வாசலில் நட்டுக் கொடுத்தால் பூனை தறியை விட்டு அங்கே போகும் என்பது எமது துணிபு.

நகரத்துக் கடைகளில் இதற்கென விற்கும் தூண்கள் நமக்கு வேண்டா. அவற்றுள் பல மெல்லிய அடித்தட்டின் மேல் நிற்பவை. ஒருமுறை சாய்ந்தால் பூனை மறுபடி நெருங்காது. அவற்றின் மேல் சுற்றியிருப்பதோ பெரும்பாலும் கற்றாழை நார்க்கயிறு. மெக்சிகோ நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய இந்த நார்க்கற்றாழை இனம் நம் வேலியோரங்களுக்குப் புதியதன்று. தென்னை நார்க்கயிறும் இதற்குத் தகும்.

செய்முறை எளிது. ஐந்தடி நீளமும் நான்கு அங்குல விட்டமும் உள்ள கட்டை ஒன்று போதும். புளி, வேம்பு, கருவேலம் எதுவாயினும் சரி. கறையானுக்கு எதிராக அடிப்பாகத்தைக் கறுக்கச் சுட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டுக் கல்லும் மண்ணும் இட்டு இடிக்க வேண்டும். மேலே நிற்பது மூன்றரை அடி. இதில் இரண்டரை அடி உயரத்திற்கு அரை அங்குலக் கயிற்றை நெருக்கமாகச் சுற்ற 60 சுற்றுகள், அதாவது சுமார் 70 அடிக் கயிறு பிடிக்கும். முனைகளை இறுக முடிந்துவிடுக, ஆணி நீட்டிக்கொண்டிருக்கலாகாது. கயிற்றுக்கும் வழியில்லையெனில் சொரசொரப்பான பட்டையுடன் கூடிய கட்டையை அப்படியே நடலாம். மழைச்சாரல் படாத தாழ்வாரத்து ஓரமாயின் கயிறு நெடுநாள் உழைக்கும்.

நூற்கழிவையும் பழந்துணியையும் மட்டும் சுற்ற வேண்டா. துணியைப் பிறாண்டப் பழகிய பூனை தறித்துணியையும் விடாது. அன்றியும் விழுங்கிய நூல் குடலை அறுத்துப் பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

தூணைப் பூனை படுக்கும் இடத்திற்கும் தறிக்கும் இடையே, அது எழுந்து நடக்கும் வழியில் நடுவது நலம். அதன் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக் காட்டினால் அஞ்சி விலகும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று முன்னோர் பெயரிட்டது காரணமின்றியன்று. அதன் பச்சை வேரைத் தூணில் தேய்த்தால் பல பூனைகள் தாமே தேடி வரும். பழக்கம் மாறும்வரை தறிக்காலைச் சாக்கினால் மூடி வைக்கலாம். நைந்த தூணை அழகுக்காக மாற்றவும் வேண்டா. தன் அடையாளம் உள்ள தூணையே பூனை நாடும்.

எல்லா வீட்டிலும் எல்லாப் பூனையும் ஒரே நாளில் திருந்தும் என்று நாம் வாக்களிக்கவில்லை. சில பூனைகளுக்கு இரண்டு தூண்கள் வேண்டியிருக்கும். புழுமனைக்கு உள்ளே பூனையை விடவும் கூடாது, தூய்மை கெடும். வாசலில் தூணும் படுக்கையும் இருந்தால் அது வெளியே நின்று காக்கும். அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் வீட்டாரின் கடமை. பூனை கீறினால் காயத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பூனைக்குத் தூணா என்று நகைப்போர் இருக்கலாம். மாட்டுக்கு முளை அடிக்கிறோம். கோழிக்குக் கூடை கவிழ்க்கிறோம். பூனைக்கு மட்டும் நாம் ஒன்றும் செய்யாமல், அது செய்வதை மட்டும் குற்றமாகக் கொள்வது முறையாகுமா?

சங்கங்களுக்கு நாம் கூறுவது இது: கிடங்கு வாசலில் முதல் தூணை நீங்களே நடுங்கள். மூட்டை கட்டி எஞ்சிய நார்க்கயிற்றுத் துண்டுகளை எறியாமல் சேர்த்து, கேட்கும் உறுப்பினருக்குக் கொடுங்கள். துண்டுகளை முடிந்து சுற்றினாலும் பூனை குறை கூறாது. உறுப்பினர்கள் ஓர் அரைநாள் வேலையை இதற்கு ஒதுக்கட்டும். அடுத்த பாவு ஏற்றுமுன் தூண் நின்றுவிட்டால், அந்தப் பாவிலேயே பயன் தெரியத் தொடங்கும்.